ஆத்தங்குடிக் கல் ஏற்றும் பழைய பிக்கப்: எஞ்சின் வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் மாற்றுவதா?

கேள்வி (காரைக்குடி)

என்னிடம் இருப்பது 2012ஆம் ஆண்டு மாடல் மகிந்திரா பொலேரோ பிக்கப். பிஎஸ் 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி), 2523 சிசி டீசல். ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் கல் ஏற்றி, திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கும், திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கும் கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் வேலை. ஓட்டம் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சில மாதங்களாக ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. பின்னால் நீலப் புகை தள்ளுகிறது. லோடுடன் பாலம் ஏறும்போது இழுவை இல்லை. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மேலே வருகிறது.

இங்குள்ள மெக்கானிக் முழு எஞ்சின் வேலைக்கு ஒரு லட்சத்தை ஒட்டி ஆகும் என்கிறார். விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து கழற்றிய அதே ரக எஞ்சின் ஒன்று திருச்சியில் இருப்பதாகவும், அது அதைவிடக் குறைந்த விலைக்கு முடியும் என்றும், இரண்டு நாளில் மாட்டிவிடலாம் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். மின்னணுக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் காமன் ரயில் எஞ்சினாகவே மாற்றிவிட்டால் இழுவை கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சேஸியும் கேபினும் துருப்பிடிக்காமல் நன்றாக இருப்பதால் வண்டியை விற்க மனமில்லை. புது வண்டிக்குக் கடன் வாங்கவும் விருப்பமில்லை. எதை வைத்து முடிவு செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி (தேவகோட்டை, டீசல் பட்டறை)

தம்பி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பேக் கம்ப்ரஷனைத்தான், அதாவது சிலிண்டர் காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவதைத்தான் காட்டுகின்றன. ஆனால் புகையை மட்டும் பார்த்து லட்ச ரூபாய்க்கு முடிவு எடுக்க வேண்டாம். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் டர்போவின் ஆயில் சீல் போயிருந்தாலும் நீலப் புகை வரும், வால்வு கைடு தேய்ந்திருந்தாலும் வரும். இவை இரண்டுக்கும் எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் காற்று வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டராக, பிஸ்டன் மேலே ஏறி இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றாமல் பிடித்துக்கொண்டு, டீசல் தெளிக்கும் நாசிலின் துவாரம் வழியாகக் கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டால், அது எங்கே வெளியேறுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆயில் மூடி வழியாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துள்ளன. சைலன்சர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) கேஸ்கட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். பெட்ரோல் வண்டிகளில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிக் கம்ப்ரஷன் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகவும் குறைவு என்பதால் கொஞ்சம் ஆயில் கூடினாலே கம்ப்ரஷன் இல்லாததும் இருப்பதுபோல் காட்டும்; அதிகமாக ஊற்றினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடக்கூடும். அதை அனுமதிக்காதீர்கள்.

ரிங்கும் போரும்தான் என்று தெரிந்தால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். முதல் ரிங் ஏறித் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே நகம் ஒரு படியில் தடுக்கினால், வெறும் ரிங் மாற்றி ஒப்பேற்றும் கட்டம் கடந்துவிட்டது என்று பொருள். பிறகு போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசைகளிலும் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சினின் போர் 88.9 மில்லிமீட்டர்; அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்தே போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, உள்ளே புதுக் குழாய் செருகும் லைனரா என்று முடிவாகும்.

இவ்வளவுக்கும் மேலாக, செலவைத் தீர்மானிப்பது கிராங்க்தான். அது இன்னும் கம்பெனியில் வந்த ஸ்டாண்டர்டு அளவில் இருந்தால் தயக்கமே வேண்டாம், உங்கள் எஞ்சினையே வேலை பாருங்கள். ஏற்கெனவே பலமுறை கிரைண்டிங் செய்து பேரிங் அளவு கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, அப்போது மாற்று எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி உட்புறம் விரலால் தேய்த்துப் பாருங்கள். ஃபில்டரைக் கடந்த பிறகு அங்கே தூசி இருக்கவே கூடாது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி உள்ளே போய்க்கொண்டிருந்தால், நீங்கள் புது எஞ்சினே மாட்டினாலும் அதுவும் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

மறுமொழி (பொன்னமராவதி)

எஞ்சின் மாற்றுவதில் காகித வேலையைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. எஞ்சின் எண் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் உள்ளது, அந்த எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில்தான். ஆகவே முழு எஞ்சின் என்றில்லை, ஹெட் இல்லாமல் பிளாக்கோடு வரும் பாதி எஞ்சின் வாங்கி மாட்டினாலும் எண் மாறிவிடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் கையில் இருக்க வேண்டும். தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, இந்தக் காகிதங்களைத்தான். "எண்ணை ராவிவிட்டு உங்கள் பழைய எண்ணையே குத்தித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள், அது குற்றம்.

உங்கள் வண்டி எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் என்பதால் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே எண் ஒத்துப்போகாவிட்டால் வண்டி நின்றுவிடும். விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கையிலும் இதே சிக்கல் எழும். காமன் ரயில் எஞ்சின் என்பது இன்னும் தூரம்: அதற்கு இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), ஒயரிங், சென்சார்கள், உயர் அழுத்த டீசல் பாதை எல்லாமே சேர்ந்து மாற வேண்டும், ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் வகையும் மாறுவதால் ஒப்புதல் பெறுவது எளிதல்ல. கல் ஏற்றும் வண்டிக்கு அது தேவையும் இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே சோதித்தோம். நான்கு சிலிண்டர்களிலும் காற்று ஆயில் மூடி வழியாகவே வந்தது, மூன்றாவதில் அதிகம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது நகம் நன்றாகவே தடுக்கியது. மூன்றாவது சிலிண்டரின் மேல்பகுதியில் 0.28 மில்லிமீட்டர் தேய்மானம் என்று எழுதித் தந்தார்கள். கிராங்க் இதுவரை கிரைண்டிங் செய்யப்படவே இல்லை. கிராங்க்கில் பேரிங் உட்காரும் பின் ஒன்றில் மட்டும் மெல்லிய கீறல்.

ஹோஸ் விஷயம்தான் என்னைத் திகைக்க வைத்தது. வெளியே பார்க்க நன்றாக இருந்த ஹோஸில், கிளாம்ப் பிடிக்கும் இடத்துக்கு அடியில் நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. உள்ளே விரலை விட்டு எடுத்தால், ஆயில் பிசுக்கோடு சேர்ந்து குழைந்த செம்மண் அப்பிக்கொண்டு வந்தது. ஃபில்டரைத் தவறாமல் மாற்றியும் பயனில்லாமல் போனது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது.

தரகரிடம் ரசீது கேட்டேன். பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை.

மறுமொழி (தேவகோட்டை, டீசல் பட்டறை)

அப்படியென்றால் உங்கள் எஞ்சினையே வேலை பாருங்கள். இத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்டாண்டர்டு அளவில் உள்ள கிராங்க் கிடைப்பது அரிது. எங்கிருந்தோ வரும் எஞ்சினில் அது என்ன நிலையில் இருக்கும் என்று பிரிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஒரு பின்னில் கீறல் இருப்பதால் 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் போதுமானதாக இருக்கும். கிரைண்டிங் செய்பவரிடம், பின் முடியும் ஓரத்தில் உள்ள வளைவை அப்படியே காக்கச் சொல்லுங்கள்; அந்த இடம் செங்குத்தாக வெட்டப்பட்டால் லோடு ஏறும்போது கிராங்க் அங்கேதான் உடையும். 0.28 தேய்மானத்துக்கு 0.50 ஓவர்சைஸ் சரியாக வரும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே போர் அடிக்கக் கொடுங்கள். லேத்தில் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்ப அந்தந்த போரை முடிக்க வேண்டும்.

நாசிலையும் டீசல் பம்பையும் இதே சமயத்தில் பம்ப் கடையில் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். ஒழுகும் நாசில் புது போரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் பிஸ்டனில் போய்விடும். புழுதி முதலில் அடித்தது டர்போவின் இறக்கைகளைத்தான் என்பதால், அதன் ஷாஃப்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுமொழி (கானாடுகாத்தான்)

ஒரு சிறு சேர்க்கை. ஹெட் கழன்றிருக்கும்போதே பிளாக்கின் தண்ணீர்ப் பாதைகளைப் பாருங்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வந்திருந்தால் வெள்ளையாக உப்புப் படிந்து பாதை குறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, ரேடியேட்டரையும் கொடுத்துக் கழுவிவிட்டு, இனிமேல் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து மட்டும் ஊற்றுங்கள். அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் ரேடியேட்டருக்கென்று ஊருணித் தண்ணீரைத் தேடி எடுத்ததற்குக் காரணம், மழைத் தண்ணீரில் உப்பு இல்லை என்பதுதான்.

வேலை முடிந்ததும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் முழு லோடு வேண்டாம். அதற்காக வெறும் வண்டியாகவே உருட்டிக்கொண்டும் இருக்காதீர்கள். பாதி லோடில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரில் நன்றாகப் படியும். ஆயிரம் ஆனதும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

முடிவு செய்துவிட்டேன். பிஸ்டன் செட் வந்ததும் பிளாக்கையும் கிராங்க்கையும் மதுரைக்கு அனுப்புகிறேன். நாசிலும் பம்பும் இங்கேயே கொடுத்தாகிவிட்டது. புது ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். எஞ்சின் எண் மாறாததால் அடுத்த தகுதிச் சான்றுக்கு எந்தக் கூடுதல் வேலையும் இல்லை. பிளாக் திரும்பி வந்ததும் போர் அளவுகளை இங்கே பதிவிடுகிறேன். தேவகோட்டை அண்ணன் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகே பூட்டச் சொல்வேன்.