லிஃப்டில் ஹலோவோடு நின்றுவிட வேண்டாம்: டொராண்டோ போன மதுரைக்காரர்களுக்கு

திருநகரிலிருந்து டொராண்டோ போயிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "வந்து ஏழு வாரம் ஆச்சு அக்கா. பதினாலு மாடி. லிஃப்டில் ஹலோ சொல்வதைத் தாண்டி யாரோடும் பேச்சில்லை. மகளுக்கு விளையாட ஆளில்லை. பண்டிகை நாளில் எல்லோரையும் கூப்பிட்டு ஏதாவது செய்யலாமா? எப்படித் தொடங்குவது?"

நான் அங்கே 11 வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, இப்போது மதுரை தல்லாகுளத்தில் இருக்கிறேன். நேற்று ஆவணி மூலத் திருவிழாவுக்கு, சாமி புட்டுக்கு மண் சுமந்த கதையைக் கொண்டாடுகிற புட்டுத்தோப்பு போய் வந்தேன். இந்தக் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது.

வைகை உடைத்துக்கொண்டு வந்தபோது பாண்டிய ராஜா கரையை அளந்து வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். வந்திக் கிழவிக்கு ஆளில்லை, சொக்கநாதரே உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமக்க வந்தார். ஆளில்லாத கிழவிக்கும் கரையில் ஒரு பங்கு இருந்தது என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெல்லாம் சாமியை நிறுத்தி உபசரிக்கிற மண்டகப்படி இருக்கிறதே, அதுவும் இதே கணக்குதான். ஒவ்வொரு மண்டபத்துக்கும் பொறுப்பாக ஒரு குடும்பமோ ஒரு கூட்டமோ இருக்கும். அதனால்தான் அது வருஷம் தவறாமல் நடக்கிறது.

அங்கேயும் அப்படியே செய்யுங்கள். "எல்லோரும் வாருங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டினால் இரண்டு பேர் வருவார்கள். "மேஜை தூக்க இரண்டு பேர் வேண்டும், பெயர் எழுத ஒருவர் வேண்டும், தண்ணீர் ஊற்ற ஒரு பிள்ளை வேண்டும்" என்று எழுதி, பக்கத்தில் நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை இருக்கிற இடத்துக்கு மனுஷர் கூச்சமில்லாமல் வருவார்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். நீங்கள் வாடகைக்கு இருந்தால் கட்டட மேலாளரிடமும், சொந்த வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இருந்தால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள். பார்ட்டி ரூமுக்குப் பெரும்பாலும் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், சுத்தம் செய்து கொடுத்தால் திரும்பி வரும். எதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நீங்கள் போன நேரம் நல்ல நேரம், ஏனென்றால் அடுத்து நவராத்திரி. கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள், விடுமுறை. பல வருஷங்களில் அதை ஒட்டியே நவராத்திரியும் வரும். கொலுவுக்கு மூன்று படி போதும். உங்கள் மாடியில் இருக்கிற வீடுகளுக்கு மட்டும் சொல்லி, ஆளுக்கு ஒரு பொம்மை அவரவர் ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் பொம்மையைத் தங்கள் கையால் படியில் வைக்கட்டும். சுண்டலைப் போல எல்லோருக்கும் ஒத்துப்போகிற பண்டம் வேறில்லை. கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. ஆனால் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் அங்கே நிறையப் பேர், எனவே டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டுப் போடுங்கள். எந்தப் பண்டம் வைத்தாலும் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி முன்னால் வையுங்கள். முந்திரி, வேர்க்கடலை இருந்தால் பெரிய எழுத்தில்.

அக்டோபர் 31 ஹாலோவீன். பல கட்டடங்களில் மிட்டாய் கொடுக்கிற வீடுகள் தங்கள் எண்ணை எழுத லாபியில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஒட்டவில்லையென்றால் நீங்களே ஒட்டுங்கள். மகளுக்கு ஒரே சாயங்காலத்தில் பத்து வீட்டு வாசல் பழகிவிடும்.

கார்த்திகைக்கு வருகிறேன். இதை என் அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்கிறேன். டொராண்டோ போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஊர் நினைப்பில் எங்கள் மாடி நடையில் பதினோரு அகல் ஏற்றினேன். கால் மணி நேரத்தில் புகை எச்சரிக்கை அடித்துக் கட்டடமே இறங்கியது. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் பனியில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தீயணைப்பு வண்டியும் வந்தது. மறுநாள் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கடியிலும் மன்னிப்புக் கடிதம் வைத்தேன். பொது நடையில் தீயே வேண்டாம். மின்கலத்தில் எரியும் விளக்கை மண் அகலுக்குள் வைத்தால் போதும். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில் நடை முழுக்க விளக்கு வரிசை இருந்தால் வேலையிலிருந்து வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் ஒன்பதாம் மாடிப் பாட்டி என் கதவைத் தட்டினார். போர்ச்சுகல்காரர், தனியாக இருந்தார், முட்டிவலியால் கீழே அதிகம் இறங்க மாட்டார். "என்ன விளக்கு அது?" என்று கேட்டு, உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் அவருக்கு. அதன்பின் எங்கள் கட்டடத்தில் எந்த விசேஷம் என்றாலும் பெயர்ச்சீட்டு எழுதுவது அவர் பங்கு. சீட்டு வாங்க ஆறாம் மாடிப் பையன் மேலே போவான். அடுத்த குளிர்காலத்தில் பாட்டிக்குப் பால் வாங்கி வர மூன்று வீட்டில் ஆள் இருந்தது.

பொங்கலுக்கு ஒரு வசதி உண்டு. ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014-இலும், கனடா நாடாளுமன்றம் 2016-இலும் அறிவித்திருக்கின்றன. மேலாளரிடம் அனுமதி கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். வெளியே மைனஸ் பத்தில் அடுப்பு வைக்க முடியாது, பொங்கலை வீட்டில் வைத்துப் பார்ட்டி ரூமுக்குக் கொண்டு போங்கள். ஆனால் கோலத்தை வெளியே போடலாம். புதுப் பனி விழுந்த காலையில் ஒரு சதுரத்தைப் பலகையால் தட்டிக் கெட்டிப்படுத்துங்கள். முனையில் துளையுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில், உணவுக்குச் சேர்க்கும் வண்ணம் கலந்த தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் புள்ளி வைக்க, நீங்கள் இழை இழுங்கள். உப்புத் தூவுகிற பாதையை விட்டுத் தள்ளிப் போடுங்கள், இரண்டு மூன்று நாள் நிற்கும்.

சித்திரையில் நீர்மோர்ப் பந்தல் போட வேண்டுமென்று கை துறுதுறுக்கும். போடாதீர்கள். ஏப்ரலில் அங்கே இன்னும் கோட்டு கழற்றியிருக்க மாட்டார்கள், மோரை யாரும் தொட மாட்டார்கள். மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டி எல்லோரும் பால்கனித் தொட்டியில் நாற்று நடுவார்கள், அப்போது விதை மாற்றிக்கொள்ளுங்கள். வெந்தயம் சீக்கிரம் முளைக்கும், பிள்ளைகளுக்குப் பொறுமை போவதற்குள் கீரையாகிவிடும். பந்தலை ஜூலைக்குத் தள்ளி வையுங்கள். ஒன்பது மணிவரை வெளிச்சம், வெக்கையும் நம் ஊர் மாதிரிதான்.

நான் செய்ததிலேயே மனதுக்கு நிறைவானது அந்த மோர் நாள்தான். "உங்கள் ஊரில் தயிரைக் கடைந்து என்ன குடிப்பீர்கள், ஒரு ஜாடி கொண்டு வாருங்கள்" என்று மட்டும் எழுதினேன். பஞ்சாபி வீட்டிலிருந்து சீரகம் போட்ட லஸ்ஸி வந்தது, துருக்கி வீட்டிலிருந்து அய்ரான். ஈரான் அம்மா ஒருவர் டூக் கொண்டுவந்தார். காய்ந்த புதினாவை உள்ளங்கையில் வைத்து, இன்னொரு கையால் தேய்த்துத் தேய்த்து ஜாடி மேல் உதிர்த்தார். நான் இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம், பேச ஆங்கிலம் தேவைப்படவில்லை. அடுத்த வருஷம் நான் கூப்பிடவேயில்லை, அவரே மேஜையை இறக்கி வைத்திருந்தார்.

வருஷம் முழுக்க எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். இரண்டை எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் குழு அப்புறம் தொடங்கலாம், முகம் பழகாத குழுவில் புகார் மட்டும்தான் வரும். இங்கே எங்கள் கட்டடத்திலும் மாடிக்கு ஒரு விசேஷம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். மூன்றாம் மாடியில் ராஜஸ்தான் குடும்பம் ஒன்று இருக்கிறது, சித்திரை மோர் அவர்கள் மண்டகப்படி.

தங்கச்சி, நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் உங்கள் மாடியில் எத்தனை கதவு, யார் வீட்டு வாசலில் சின்னச் செருப்பு கிடக்கிறது என்று மட்டும் பார்த்து வையுங்கள். நோட்டீஸ் எழுதினால் அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.