மேல் போர்ஷன் கேட்டு மார்மன் மிஷனரி பசங்க வந்திருக்காங்க. வாரம் பூரா இவங்க என்ன செய்வாங்க, எதையெல்லாம் முன்னாடியே பேசிக்கணும்?

மாடிவீடு_கிருஷ்ணகிரி:

பழையபேட்டை பக்கம் நம்ம மேல் போர்ஷன் காலியா இருக்கு. ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். கீழே நாங்க. புரோக்கர் ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வந்தார். இருபது வயசு இருக்கும். ஒருத்தர் ஆந்திரா, இன்னொருத்தர் வெளிநாட்டுக்காரர். வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டுல கறுப்பு பேட்ஜ். வாடகையை பெங்களூர்ல இருக்கிற அவங்க ஆபீஸே கட்டிடும்னாங்க.

கல்யாணம் ஆகாத பசங்களுக்கு விடறதான்னு வீட்ல ஒரே யோசனை. எத்தனை மணிக்குப் போவாங்க, வருவாங்க? தண்ணி எவ்வளவு செலவாகும்? ஆளுங்க வந்து போய்ட்டே இருப்பாங்களா? மேலே ஜெபக்கூட்டம்னு மைக் கட்டிடுவாங்களா? அக்ரிமென்ட்ல என்ன எழுதணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. மதச் சண்டை மட்டும் வேண்டாம், அதுக்கு வேற திரி இருக்கு.

பாகலூர்_ரோடு:

அவங்க சபையோட முழுப்பேர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. பெங்களூர்ல 1993லேர்ந்து மிஷன் இருக்கு. 'மார்மன்'ங்கிற பேரை வேண்டாம்னு 2018லேர்ந்து அவங்களே சொல்றாங்க, ஆனா ஊர்ல எல்லாருக்கும் அந்தப் பேர்தான் தெரியும்.

பசங்க 24 மாசம், பொண்ணுங்க 18 மாசம் ஊழியம் செய்வாங்க. சம்பளம் கிடையாது. அவங்க குடும்பமும் சபையும் போடற பணத்துலதான் வாடகையும் சாப்பாடும். அதனால வாடகை பெங்களூர்லேர்ந்து வரும்னு சொன்னது நியாயமான பேச்சுதான்.

காலையில 6.30க்கு எழுந்திருப்பாங்க. முதல் அரை மணி உடற்பயிற்சி. இதை மட்டும் இப்பவே பேசிடுங்க. ரெண்டு பேர் ஹால்ல ஸ்கிப்பிங் ஆடினா கீழே உங்க ஃபேன் ஆடும். மொட்டை மாடிக்குப் போங்கன்னு முதல் நாளே சொல்லிட்டா முடிஞ்சுது. அப்புறம் குளியல், சமையல். 8லேர்ந்து 10 வரைக்கும் படிப்பு: முதல்ல தனித்தனியா வேதம், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து. தமிழ் தெரியாதவருக்கு அதுக்கு மேல மொழிப் படிப்பும் உண்டு. சத்தம்னா ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான்.

10 மணிக்கு மேல கிளம்பினா மத்தியானம் ஒரு மணி நேரம் சாப்பிட வருவாங்க, வெளியிலயே முடிச்சுக்கவும் செய்யலாம். ராத்திரி 9 மணிக்குத் திரும்பணும், யார் வீட்லயாவது பாடம் நடந்துட்டிருந்தா 9.30. வந்து நாளைக்கு எங்கே போறதுன்னு திட்டம் போட்டுட்டு 10.30க்கு லைட்டை அணைச்சுடுவாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு விடிகாலையில கேட்டைத் தட்டற பேச்சிலருங்களோட பார்த்தா இது எவ்வளவோ மேல்.

ஒருத்தரை விட்டு ஒருத்தர் போகக்கூடாதுங்கிறதுதான் இவங்க சட்டத்துலயே பெருசு. பார்வைக்கும் குரலுக்கும் எட்டற தூரத்துலயே இருக்கணும். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா ரெண்டு பேரும் வீட்லதான். பொண்ணுங்க அந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, பெண் மிஷனரிங்களும் சேர்த்துத்தான். பாடம் சொல்றதும் வழக்கமா தங்கற வீட்ல நடக்காது, கேட்கறவங்க வீட்டுக்கோ சபைக்கோதான் போவாங்க. பைக் ஓட்ட அனுமதி இல்ல, அதனால பார்க்கிங்கும் கேட்க மாட்டாங்க.

திங்கள்கிழமைதான் பொதுவா அவங்களுக்கு ஒதுக்கின நாள், சாயங்காலம் 6 மணி வரைக்கும். துணி, மளிகை, முடிவெட்டு, வீடு கழுவறது, அப்பா அம்மாவோட வீடியோ கால் எல்லாம் அன்னிக்கே. முன்னே வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் வீட்டுக்கு ஃபோன், 2019 பிப்ரவரிலேர்ந்து வாராவாரம் பேசலாம். அமெரிக்கப் பையன்னா நேரக் கணக்குப்படி காலையிலயே மாடியில குரல் கேட்கும். சண்டைன்னு நினைச்சுடாதீங்க. 6 மணிக்கு மேல திரும்ப டையைக் கட்டிட்டு வேலைக்குக் கிளம்பிடுவாங்க.

பத்திரம்_தர்மபுரி:

மேலே எல்லாம் சரியா சொல்லியிருக்கார். ஆனா வீட்டுக்காரருக்குத் தலைவலி கொடுக்கறது வேற விஷயம்: ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க. 6 வாரத்துக்கு ஒரு தடவை 'டிரான்ஸ்ஃபர்' வரும். ஒருத்தர் போய் வேற ஒருத்தர் வருவார், சில சமயம் ரெண்டு பேருமே மாறுவாங்க. இது போக 'எக்ஸ்சேஞ்ச்'னு ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு ஜோடியை மாத்திப்பாங்க, அன்னிக்கு ராத்திரி நீங்க பார்த்தே இராத முகம் மேலே தூங்கும். இது தெரியாம விட்டுட்டு, 'நம்ம வீட்டை யாருக்கோ உள்வாடகைக்கு விட்டுட்டாங்க'ன்னு ஓனர் ஸ்டேஷனுக்குப் போற அளவுக்கு ஆகிடும்.

அதனால அக்ரிமென்ட்டைப் பசங்க பேர்ல போடாதீங்க சார். சபையோட இந்தியப் பதிவு அமைப்பு பேர்ல, கையெழுத்து போட அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோட போடுங்க. அந்த அதிகாரக் கடிதத்தோட நகலும் வாங்கிக்கங்க. '2 பேர் மட்டும் தங்கலாம். ஆள் மாறினா வர்றதுக்கு முன்னாடி பேர், அடையாள அட்டை நகல், ஃபோட்டோ கொடுக்கணும். ஒரு ராத்திரி மட்டும் தங்கற சக மிஷனரின்னா ஃபோன்ல சொன்னா போதும்'னு ஒரு பத்தி சேர்த்துடுங்க. வாடகைச் சட்டம் 2017ல போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. அதுப்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவும் செய்யணும். வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் முன்பணம் 3 மாச வாடகைக்கு மேல போகக்கூடாது. உங்க எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம உள்வாடகையும் செல்லாது.

வெளிநாட்டுப் பையன் விஷயம் தனி. அவர் வந்து தங்கின 24 மணி நேரத்துக்குள்ள குடியேற்றத் துறை தளத்துல வீட்டுக்காரர்தான் தகவல் ஏத்தணும். வழக்கத்துல 'சி ஃபாரம்'னு சொல்றது இதைத்தான். 'அவங்க ஆபீஸ் பார்த்துக்கும்'னு விட்டா மாட்டறது நீங்க. பாஸ்போர்ட்டோட விசா பக்கத்தையும் பாருங்க. மிஷனரி விசா இருக்கணும். டூரிஸ்ட் விசாவுல வந்து ஊழியம் செய்யக்கூடாது. ஆள் மாறி இன்னொரு வெளிநாட்டுக்காரர் வந்தா திரும்ப முதல்லேர்ந்து. எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ராத்திரி வந்தாலும் இதேதான்.

'குடியிருப்புக்கு மட்டும்'ங்கிற வரியையும் மறக்காதீங்க. வீட்டைப் பொது வழிபாட்டு இடமா மாத்தணும்னா கலெக்டர் அனுமதி வேணும். அந்த வரி இருந்தா உங்க மைக் கேள்விக்கும் அதுலயே பதில் வந்துடும்.

சின்ன விஷயம் ஒண்ணு, ஆனா அடிக்கடி நடக்கும். டிரான்ஸ்ஃபர் அன்னிக்கு சாவி சட்டைப் பையோட பஸ் ஏறிப் போய்டும். மூணு செட் போட்டு ஒண்ணை நீங்க வெச்சுக்கங்க, ஆள் மாறும்போதெல்லாம் எண்ணி வாங்குங்க. இபி ரீடிங் 2 மாசத்துக்கு ஒரு தடவை, ஆள் மாறறது 6 வாரத்துக்கு ஒரு தடவை. பில்லைப் பசங்க கையில கொடுத்தா 'நான் வந்தே பத்து நாள்தான் ஆச்சு'ன்னு நிப்பாங்க. தனி சப் மீட்டர் போட்டு, பில்லை நேரா ஆபீஸுக்கு அனுப்புங்க.

கேழ்வரகு_களி:

தண்ணியைப் பத்தி யாரும் சொல்லலயே. ரெண்டு பேர்தான்னாலும் திங்கள்கிழமை ஒரே நாள்ல வாரம் பூரா போட்ட வெள்ளைச் சட்டை பன்னண்டு, பேன்ட், பெட்ஷீட்டுன்னு மொத்தமா ஊறும். கையால துவைச்சா 150 லிட்டராவது போகும், வீடு கழுவறது தனி. நீங்களும் திங்கள்கிழமைதான் துவைப்பீங்கன்னா மாத்திக்கங்க அண்ணே, இல்லன்னா பத்து மணிக்கே டேங்க் காலி. கொடியும் இன்னொண்ணு கட்டணும். நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது, வெள்ளைச் சட்டை நாலு மாசத்துல பழுப்பேறும். கடைசி அலசலுக்காவது ஒகேனக்கல் தண்ணி ஒரு பக்கெட் எடுத்துக்கச் சொல்லுங்க.

குடிக்கிற தண்ணி இன்னும் முக்கியம். கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணியில ஃப்ளூரைடு இருக்கு. அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வெளியூர்ப் பசங்க கொதிக்க வெச்சா போதும்னு நினைப்பாங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். எந்தக் குழாய் ஒகேனக்கல், எந்தக் குழாய் போர்னு பெயின்ட்டால எழுதி வெச்சுடுங்க. ஆறு வாரத்துக்கு ஒரு புது ஆளுக்கு வாயால சொல்லிட்டிருக்க முடியாது.

டீ, காபி ரெண்டும் குடிக்க மாட்டாங்க. சாராயம், சிகரெட், பீடி எதுவும் கிடையாது. வீட்டுக்காரம்மா ஆசையா டிகிரி காபி போட்டு எடுத்துட்டுப் போய், அவங்க வேண்டாம்னு சொல்ல, மனஸ்தாபம் ஆகிறது இப்படித்தான். பால், ஹார்லிக்ஸ், மோர், பானகம் கொடுக்கலாம். சுக்கு காபி பேர்லதான் காபி. சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் போட்டிருந்தா குடிப்பாங்க. ஆனா நம்ம வீடுகள்ல வாசத்துக்கு அரை ஸ்பூன் காபித்தூள் தட்டறது வழக்கம், அது இல்லன்னு சொல்லிக் கொடுங்க.

மாசத்தோட முதல் ஞாயிறு உபவாசம். ரெண்டு வேளை சாப்பாடும் இல்ல, தண்ணியும் இல்ல. அன்னிக்கு பிரியாணி கொடுத்தனுப்பிட்டு 'தொடவே இல்ல'ன்னு வருத்தப்படாதீங்க. மத்த நாள்ல கறி, மீன் எல்லாம் சாப்பிடுவாங்க. சைவம் மட்டும்தான் சமைக்கணும்னா அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

சமையல் தெரிஞ்சு வர்ற பசங்க கம்மி. பாலைப் பொங்க விடறது, குக்கர் வெயிட் போட மறக்கறது எல்லாம் நடக்கும். கேஸ் கனெக்ஷனுக்கு முகவரிச் சான்று கேட்டு இழுத்தா, அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கற 5 கிலோ சின்ன சிலிண்டர் போதும். இல்லன்னா இண்டக்ஷன் அடுப்பு. ஞாயித்துக்கிழமை கடையில எதுவும் வாங்க மாட்டாங்க, அதனால போச்சம்பள்ளி சந்தை இவங்களுக்கு இல்லவே இல்ல. சனிக்கிழமை ராத்திரி பால் வாங்கி வைக்க மறந்தா உங்க கதவைத்தான் தட்டுவாங்க. ஒரு பாக்கெட் கூட வாங்கி வெச்சுக்கங்க.

மூணாவது_பெஞ்ச்:

ஒரு திருத்தம். அந்த நேர அட்டவணை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி கிடையாது. 2017லேர்ந்து அந்தந்த மிஷன் தலைவர் ஊருக்குத் தகுந்த மாதிரி தள்ளி வெச்சுக்கலாம். மே மாச வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க, அப்போ படிப்பை மத்தியானத்துக்கு மாத்திட்டு காலையில சீக்கிரம் கிளம்பலாம். துணி துவைக்கிற நாளும் வேற கிழமையா இருக்கலாம், கேட்டுக்கங்க.

வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்து ஜோடிகளோட கூட்டம் இருக்கும். இடையில பெரிய மாநாடுன்னா பெங்களூர் பஸ் ஏறிடுவாங்க. 90 கிலோமீட்டர்தான்னாலும் அன்னிக்கு வீடு பூட்டியிருக்கலாம், மோட்டார் போட அவங்களை நம்பாதீங்க. ஞாயிறு ஆராதனை 2 மணி நேரம், ஆனா ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக முன்னாடியே கிளம்புவாங்க.

லீவு நாள்ல ஒகேனக்கல் கூட்டிட்டுப் போறேன்னு அன்பா கூப்பிடாதீங்க. நீச்சல் கூடாது, படகு கூடாது, அவங்க எல்லையைத் தாண்டவே அனுமதி கேட்கணும். பரிசல்ல ஏற முடியாம கரையில நின்னு மீன் வறுவல் சாப்பிட்டுட்டு வர்றதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு.

மாடிவீடு_கிருஷ்ணகிரி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சாவி, குழாய்க்கு பெயின்ட் ரெண்டும் எங்களுக்குத் தோணவே இல்ல. ஒரே ஒரு கேள்வி பாக்கி. பக்கத்து வீட்ல 'உங்க பசங்களை மதம் மாத்திடுவாங்க'ன்னு பயமுறுத்தறாங்க. ரெண்டு மூணு பொண்டாட்டி கட்டுவாங்கன்னு வேற.

பத்திரம்_தர்மபுரி:

பலதாரத்தை 1890லயே நிறுத்தறதா அறிவிச்சாச்சு. இப்போ கட்டினா சபையை விட்டே நீக்கிடுவாங்க.

மதம் பத்திக் கேட்டா பேசுவாங்க, அதுக்குத்தான் வந்திருக்காங்க. வேண்டாம்னு ஒரு தடவை தெளிவா சொல்லிட்டா போதும். 18 வயசுக்குக் கீழேன்னா பெத்தவங்க சம்மதம் இல்லாம ஞானஸ்நானம் கிடையாது, கல்யாணம் ஆனவங்களுக்குத் துணையோட சம்மதம் வேணும். இது அவங்க விதியிலயே இருக்கு. தமிழ்நாட்டுல 2002ல வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004ல வாபஸ் ஆச்சு. இருந்தாலும் மிரட்டினா, ஏமாத்தினா மத்த சட்டங்கள் இருக்கு. 'பிரசாரம் செய்யற உரிமைன்னா இன்னொருத்தரை மாத்தற உரிமை இல்ல'ன்னு சுப்ரீம் கோர்ட்டும் 1977லயே சொல்லியிருக்கு.

பக்கத்து வீட்டுக்காரரை, பசங்க குடிவர்ற அன்னிக்கு ஒரு தடவை கூப்பிட்டு அறிமுகப்படுத்திடுங்க. அடுத்த டிரான்ஸ்ஃபர்ல புது ஆள் வரும்போதும்.