புதுப்பிப்பு: ஸ்கேன் படத்தில் கருப்புப் பட்டை, காரணம் தெரிந்துவிட்டது

எங்கள் சென்டரில் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் புரோபில் (உடல்மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவி) படத்தின் நடுவே கருப்புப் பட்டை விழுகிறது, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஆல்கஹால் போட்டுத் துடைப்பதுதான் காரணமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டார். அதேதான்.

புரோபின் முகத்தில் இருப்பது சிலிக்கோன் ரப்பர் லென்ஸ். ஆல்கஹால் பட்டுப் பட்டு அது உலர்ந்து, ஓரத்தில் ஒட்டு விட்டுவிடுகிறது. விரலால் தடவினால் விளிம்பில் மெல்லிய பிளவு தட்டுப்படுகிறது, ஒரு பக்கம் லேசாக உப்பியும் இருக்கிறது. அந்த இடைவெளியில் காற்று இருந்தால் ஒலியலை தாண்டாது. படத்தில் அந்த இடம் இருண்டுவிடும். படம் கெடுவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: பிளவு வழியாகத் திரவம் இறங்கினால் நோயாளிக்கு மின்கசிவு ஆபத்து. அந்த புரோபை உடனே ஒதுக்கிவிட்டோம்.

இனி ஜெல்லை முழுசாகத் துடைத்தெடுத்த பிறகுதான் கிருமிநாசினி. அதுவும் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்தது மட்டும். அப்புறம், டிரான்ஸ்வஜைனல் புரோபுக்கு (பெண்ணுறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பது) வெறும் துடைப்பு போதவே போதாது. உறை போட்டிருந்தாலும் உயர்நிலைக் கிருமிநீக்கம் (ஏறக்குறைய எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் முறை) கட்டாயம், ஏனென்றால் உறையில் விழும் நுண்ணிய ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. கரைசலில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள், மெஷினில் செருகும் கனெக்டர் நனையவே கூடாது.