மெய்நிகரா, மாயமா? வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். ஆடைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் பெண்பிள்ளைகளுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வேலை நெருக்கடியில் களைத்துப்போகிறவர்களுக்கு இடைவேளையில் பத்து நிமிடம் வீ.ஆர். (வர்ச்சுவல் ரியாலிட்டி) கருவியைக் கண்ணில் மாட்டி, கடலையோ காட்டையோ காட்டி, மூச்சை மெல்ல இழுத்துவிடப் பழக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’க்கு என்ன போடலாம்? ‘மெய்நிகர் உண்மை’ என்றால் மெய்யும் உண்மையும் ஒன்றுதானே, கூறியது கூறலாகப் படுகிறது.

பண்டாரவளை, பௌதிகவியல் ஆசிரியர்:
டீச்சர், சொல் நம் பாடத்திலேயே இருக்கிறது. தளவாடியில், அதாவது முகம் பார்க்கும் கண்ணாடியில், தெரிவது மாய விம்பம் (வர்ச்சுவல் இமேஜ்), திரையில் விழுவது மெய் விம்பம். ‘மாயக் காட்சி’ என்று போடுங்கள். சாதாரண தரம் படித்த பிள்ளைக்கு விளங்கும்.

நுவரெலியா, தாதி உத்தியோகத்தர்:
விளங்கும் சேர், ஆனால் எப்படி விளங்கும்? மனம் சரியில்லை என்று வருகிறவளிடம் ‘மாயம்’ என்றால் செய்வினைதான் ஞாபகம் வரும்.

பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்:
முதலில் ‘மெய்நிகர்’ என்ற வடிவத்தையே நான் ஏற்கவில்லை. தனிக்குறிலை அடுத்த யகரத்தின் முன் மெல்லினம் மிகலாம் என்கிறது நன்னூல். மெய்ஞ்ஞானம் என்றுதானே எழுதுகிறோம்? ஆகவே மெய்ந்நிகர். அடுத்தது, மெய் என்பது உடம்பும்தான். உள்ளத்து உணர்வு உடம்பில் தெரிவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் சொன்ன எட்டில் மருட்கையும், அதாவது வியப்பும், ஒன்று. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும். மலையில் இருந்துகொண்டே கடலைக் கண்டு உடம்பு சிலிர்த்தால் அது புதுமையில் பிறந்த மருட்கை. ‘மருட்காட்சி’ என்பது என் பரிந்துரை.

நுவரெலியா, தாதி உத்தியோகத்தர்:
ஐயா, கோயில் திருவிழாவில் மருள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மாயத்துக்குச் சொன்னதுதான் இதற்கும்.

தலவாக்கலை, மொழிபெயர்ப்பாளர்:
தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிற்கவைக்கும் ‘பெரேட்’டை நம் பாட்டன்மார் பெரட்டு ஆக்கினார்கள், பெரட்டுக்களம் என்றார்கள். அதற்கு யாரும் குழு கூட்டவில்லை. ‘வீ.ஆர். கண்ணாடி’ என்றே விடுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்:
தம்பி, பெரட்டு கட்டளையோடு வந்த சொல். விடியற்காலையில் குளிரில் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லைத் தெரிவுசெய்ய இடமிருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

ஹட்டன், ஆசிரியை:
ஐயா சொன்னதைப் படித்துக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். நேற்று ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஒரு பிள்ளை அலை வந்ததும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் நகர்ந்தாள். கடலை நேரில் கண்டதில்லையாம். அடுத்தவளுக்கு இரண்டே நிமிடத்தில் தலை சுற்றியது. இறம்பொடை வளைவுகளில் பஸ்ஸுக்குள் குனிந்து போனைப் பார்த்தால் கண் அசைவில்லை என்கிறது, சமநிலையை உணரும் உட்காது ஆடுகிறோம் என்கிறது. இங்கே அது தலைகீழ்: கண்ணுக்கு அசைவு, காதுக்கு இல்லை. அவள் கத்தியது, “டீச்சர், இந்தக் கண்ணாடியக் கழட்டுங்க!” அங்கே யாருமே வேறு பெயர் சொல்லவில்லை. தலை சுற்றினால் உடனே கழற்றலாம், யாரும் ஏச மாட்டார்கள் என்ற வரிதான் எனக்கு முக்கியம். அதில் விளங்காத சொல் இருக்கக் கூடாது.

நுவரெலியா, தாதி உத்தியோகத்தர்:
அதோடு இது மருந்தில்லை என்றும் எழுதுங்கள், அக்கா. கொஞ்ச நேர ஆறுதல், அவ்வளவுதான். மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்ற டார்கட் அப்படியே இருந்தால், கண்ணாடியைக் கழற்றியதும் நெருக்கடி திரும்பி வரும். தூக்கமில்லாமல் தவிக்கிறவர்களை கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பண்டாரவளை, பௌதிகவியல் ஆசிரியர்:
சரி, மாயத்தை விட்டுவிடுகிறேன். பாடப்புத்தகத்துக்கு மட்டும் அது இருக்கட்டும்.

ஹட்டன், ஆசிரியை:
நால்வர் சம்மதம். தலைப்பில் ‘மெய்நிகர் காட்சி’, உள்ளே எல்லா இடத்திலும் ‘கண்ணாடி’. இன்று மாலை அனுப்புகிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற அதிபர்:
கண்ணாடிக்கு என் மறுப்பு இல்லை. தலைப்பில் ந் இல்லாததற்கு இருக்கிறது. மறுபதிப்பு வரும்போது சேர்த்துவிடுங்கள், அம்மா.