4×12 கேபினெட், மீட்டரில் 11.4 ஓம்: ஆம்ப்பை 8-இல் வைப்பதா, 16-இல் வைப்பதா?

ஆறுகம்பி:
வணக்கம். போன மாதம் எலக்ட்ரிக் கிட்டாருக்காகப் பழைய 4×12 கேபினெட் (12 அங்குல ஸ்பீக்கர் நான்கு உள்ள பெட்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். உள்ளே 25 வாட் கிரீன்பேக் (செலஸ்டியன் கம்பெனி மாடல்) ஸ்பீக்கர்கள். ஒன்று கிழிந்துபோய்க் கடையில் வேறு போட்டதாக விற்றவர் சொன்னார். பின்னால் ஜாக் தகட்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, எத்தனை ஓம் என்றே தெரியவில்லை. என் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 50 வாட் வால்வு ஆம்ப், ஸ்பீக்கரின் ஓமுக்கேற்பத் திருப்பி வைக்கும் செலக்டரில் 4, 8, 16 இருக்கிறது.

நடுவில் இருக்கட்டும் என்று 8-இல் வைத்து இரண்டு நாள் சாயங்காலம் வாசித்தேன். சத்தம் வருகிறது, ஆனால் தகர டின்னுக்குள்ளிருந்து வருவது போல. தடித்த ஈ கம்பியை அடித்தால் இடி இல்லை. கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால் 11.4. செலக்டரை எதில் வைப்பது? இரண்டு நாளில் டிரான்ஸ்பார்மரைக் கெடுத்திருப்பேனா?

கீபோர்டுகாரன்:
8-இலேயே விடுங்கள் ப்ரோ. ஓம் கூடினால் ஆம்ப்புக்குச் சுமை குறைவு, குறைந்தால்தான் வம்பு. பல வருஷமாக நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழையவால்வு:
தம்பி கீபோர்டு, நீ சொல்வது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்குச் சரி. ‘குறைந்தது 4 ஓம்’ என்று போட்டிருந்தால் 8-ஓ 16-ஓ மாட்டலாம், வாட் குறையும், அவ்வளவுதான். வால்வு ஆம்ப்பில் கதை வேறு. நடுவில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஸ்பீக்கரின் ஓமைப் பல மடங்காக்கி வால்வுக்குக் காட்டுவது அதுதான். 8 முனையில் 16 மாட்டினால் வால்வு பார்ப்பதும் இரண்டு மடங்கு. வால்யூமை ஏற்றி அடிக்கும்போது பிரைமரியில் (டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கச் சுற்று) வோல்டேஜ் எகிறும், வால்வு சாக்கெட்டில் பொறி பறக்கலாம், சுற்றின் காப்பு ஓட்டையாகலாம். ஸ்பீக்கரே மாட்டாமல் வாசிப்பது எல்லாவற்றிலும் மோசம். பக்கம் மாறி ஓம் குறைந்தால் வால்வு அதிகக் கரண்ட் இழுத்துச் சீக்கிரம் தேயும்.

ஆறுகம்பி, வீட்டுக்குள் இரண்டு நாள் வாசித்ததற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆம்ப்பைத் திறந்து பார்க்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

இப்போது அந்த 11.4. மீட்டர் காட்டுவது டிசி தடை, அதாவது பேட்டரி போல ஒரே திசையில் ஓடும் கரண்டுக்கான தடை. ஸ்பீக்கரில் அச்சடித்த எண்ணைவிட அது குறைவாகத்தான் இருக்கும். 16 ஓம் ஸ்பீக்கர் 12 முதல் 13.5 வரை காட்டும், 8 என்றால் 6-7, 4 என்றால் மூன்றே சொச்சம். 11.4 எந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வருவதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:
எந்தக் கேபிள் போட்டு மாட்டினீர்கள்?

ஆறுகம்பி:
முனைகளைத் தொட்டால் 0.3 வருகிறது, ஆக 11.1. கேபிள் கிட்டார் கேபிள்தான். இரண்டு பக்கமும் அதே பின் தானே?

ஈயப்பற்று:
பின் அதேதான், உள்ளே இருப்பது வேறு. கிட்டார் கேபிளில் நடுவில் மெல்லிய ஒரு கம்பி, சுற்றி வலை. ஸ்பீக்கர் கரண்டுக்கு அது சூடாகும். பாட்டு நடுவில் அறுந்தால் அண்ணன் சொன்ன ‘ஸ்பீக்கரே இல்லாத’ நிலைதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் போனால் தடித்த இரட்டை ஸ்பீக்கர் ஒயரும் இரண்டு பின்னும் வாங்கி நீங்களே ஈயம் வைத்துவிடலாம்.

பழையவால்வு:
நல்ல கேள்வி கேட்டாய். இனி பின்பலகையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும்.

ஆறுகம்பி:
அளந்தேன். 12.8, 13.0, 12.9, கடைசி ஒன்று 6.6! அதுதான் கடையில் மாற்றியது. காந்தத்தின் மேல் ‘8 ஓம்’ என்று ஸ்டிக்கரே இருக்கிறது. முதல் இரண்டும் சீரீஸ் (ஒன்றன்பின் ஒன்றாக), அடுத்த இரண்டும் சீரீஸ், இரு ஜோடியும் பேரலல் (பக்கம் பக்கமாக).

பழையவால்வு:
கணக்கு உட்கார்ந்துவிட்டது. ஒரு ஜோடி 25.8, இன்னொன்று 19.5, பேரலலில் 11.1. அச்சடித்த கணக்கில் 32-உம் 24-உம் சேர்ந்து சுமார் 13.7 ஓம். ஆம்ப்புக்கு இது 16-க்குப் பக்கம்தான், பெரிய தொல்லை இல்லை. அடி வாங்குவது ஸ்பீக்கர். புதியவனோடு சீரீஸில் இருக்கும் பழைய கிரீன்பேக் மட்டும் மொத்த வாட்டில் 38 சதவீதத்தைத் தின்கிறது. முதல் ஜோடிக்கு ஆளுக்கு 21, புதியவனுக்கு 19. 50 வாட் வால்வு ஆம்ப்பை முழுக்கத் திறந்தால் 75 வாட்டுக்கும் மேலே போகும். அதில் 38 சதவீதம் என்றால் 28 வாட்டைத் தாண்டும், அந்த ஸ்பீக்கரின் தகுதியோ 25. மேடையில் கருகப்போவது நல்ல ஸ்பீக்கர்.

ஆனால் டின் சத்தத்துக்கு இது காரணமாகாது. எல்லா ஒயரையும் பழையபடி மாட்டி, 9 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் அரை நொடி தொடுங்கள், பின்னின் நுனியில் பிளஸ். நான்கு கோனும் (ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு) ஒரே பக்கம் நகர்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

ஆறுகம்பி:
மூன்று வெளியே வந்தது, புதியது உள்ளே போனது! கடைக்காரர் பிளஸ் மைனஸ் மாற்றி ஈயம் வைத்திருக்கிறார். அந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வாசித்தேன், ஈ கம்பி வயிற்றில் இடிக்கிறது. மூன்று கோன் தள்ளும் காற்றை நாலாவது உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது போல.

பழையவால்வு:
அதேதான். இனி அந்த இடத்துக்கு 16 ஓம் ஒன்று தேடுங்கள். ஒரே அளவு நான்கை இப்படிக் கட்டினால் மொத்தம் ஒன்றின் ஓமே வரும், செலக்டர் 16. அதுவரை இரண்டு கிரீன்பேக்கை மட்டும் பேரலலாக மாட்டி 8-இல் வாசியுங்கள். மற்ற இரண்டின் ஒயரையும் கழற்றி, முனையில் டேப் சுற்றி விடுங்கள். தாங்குவது இரண்டும் சேர்த்தே 50 வாட் என்பதால் வால்யூமில் கை அடக்கம் வேண்டும்.

கீபோர்டுகாரன்:
அண்ணா, அப்போது என் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 8 ஓம் பெட்டி இரண்டு மாட்டலாமா? பின்னால் ‘குறைந்தது 4 ஓம்’ என்று இருக்கிறது.

பழையவால்வு:
மாட்டு. பேரலலில் சரியாக 4. மூன்றாவதை மட்டும் கொண்டுவராதே.

ஆறுகம்பி:
16 ஓம் கிடைத்தது, நேற்று மாட்டினேன். கேபிள் புதிது, மீட்டர் கம்பியைக் கழித்தால் 12.9, செலக்டர் 16, பேட்டரிக்கு நான்கும் வெளியே. அந்த 8 ஓம் ஸ்பீக்கரை என்ன செய்யலாம்?

ஈயப்பற்று:
தனிப் பெட்டி அடித்து 8 முனையில் மாட்டி வீட்டில் வாசியுங்கள். எத்தனை வாட் தாங்கும் என்று ஸ்டிக்கரில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.