பழைய அப்ரைட் வாக்யூம் (நிமிர்ந்து நின்னு தள்ளுற வாக்யூம் கிளீனர்): சரி பண்ணி விற்கலாமா?

கேள்வி: மோட்டார் ஓடுது, இழுவை இல்லை. பிரஷ் ரோலர் சுத்தலை, ரப்பர் கருகின வாடை. பார்ட்ஸுக்குத்தான் கழட்டணுமா?

பதில் 1: அவசரப்படாதீங்க, அது மோட்டார்ல இருந்து ரோலரைச் சுத்த வைக்கிற ரப்பர் பெல்ட்டோட வாடை. முடி சுத்தி ரோலர் இறுகினா மோட்டார் ஷாஃப்ட் மட்டும் சுழன்று பெல்ட்டை உரசி உருக்கிடும். பிளக்கைப் பிடுங்கிட்டு முடியை வெட்டி எடுங்க. முனை மூடியைக் கழட்டி பேரிங்கை விரலால சுத்துங்க. கரகரன்னா ரோலரையே மாத்துங்க. பெல்ட் புதுசுதான் போடணும்.

பதில் 2: இழுவைக்கு ஹோஸைக் கழட்டி ஒரு நாணயத்தைப் போடுங்க. மறுமுனையில விழலைன்னா அடைப்பு. கழுவுற ஃபில்டர்னா 24 மணி நேரமாவது காயட்டும். ஈரத்தோட மாட்டினா நாத்தம், மோட்டாருக்கும் கேடு.

பதில் 3: ஒயர் வெடிச்சிருந்தா டேப் சுத்தி விற்காதீங்க, ஒயரையே மாத்துங்க. புது கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள்ள மின்சாரம் கடத்துற கார்பன் துண்டு) போட்டும் மோட்டார்ல பெரிய தீப்பொறி நிக்கலைன்னா பார்ட்ஸுக்குத்தான்.