பழைய ஹீட்டிங் பாய்லர் அளவுக்கு மீறிச் சூடாகி நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

மாடிப்படி:
வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர், தரையில் நிற்கும் பழைய வார்ப்பிரும்பு ரகம். ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது, அறைகளில் வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்களும் சூடாகின்றன. கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று தண்ணீர் கொதிக்கும் சத்தம், அப்புறம் ஓவர்ஹீட் கட்-அவுட் (சூடு மீறினால் பாய்லரை நிறுத்தும் சுவிட்ச்) விழுந்து எல்லாம் நின்றுவிடும். ஆறியபின் சிவப்பு பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். மெக்கானிக் வந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார், அதே கதைதான். கட்-அவுட்தான் கெட்டிருக்கும், அதன் இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துவிடு என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

ஸ்பானர்:
தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கட்-அவுட் உங்களுக்குத் தொல்லை கொடுக்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். மேலே சிறு தொட்டி வைத்த அமைப்பாக இருந்தால் கொதிநீர் வென்ட் பைப் (தொட்டிக்கு மேலே வாய் திறந்திருக்கும் குழாய்) வழியாக அந்தத் தொட்டிக்குள் கொட்டும், பிளாஸ்டிக் தொட்டி இளகி உடைந்து கீழே இருப்பவர்கள் மேல் விழுந்த விபத்துகள் உண்டு. மூடிய அமைப்பு என்றால் 3 பார் அழுத்தத்தில் திறக்கும் சேஃப்டி வால்வ் ஒன்றுதான் மிச்சம், பழைய வால்வ் இறுகிப் போயிருந்தால் அதுவும் இல்லை.

பர்னர் எரிவதில் கோளாறு இருப்பது குறைவு. உண்டான சூடு வெளியே போகாமல் தேங்குவதுதான் பெரும்பாலும் காரணம். இந்த ரக பாய்லர்களில் தண்ணீர் சுமார் 82 டிகிரியில் வெளியே போய் 71 டிகிரியில் திரும்பி வர வேண்டும். ஓடும்போது இரண்டு குழாய்களையும் துணியைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். போகும் குழாய் கொதித்து, வரும் குழாய் வெதுவெதுப்பாகவே இருந்தால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. இரண்டுமே கொதித்தால் தெர்மோஸ்டாட் பக்கம் பார்க்கலாம். அதன் உணர்முனை அதற்கான துளைக்குள் முழுசாகப் போகாமல் வெளியே தொங்கினால் கூட இப்படி ஆகும்.

நட்டுபோல்ட்:
தண்ணீரைச் சுற்றவிடும் பம்பைப் பாருங்க முதலில். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நடுவில் இருக்கும் பெரிய ஸ்க்ரூவைக் கழற்றினால் (கொஞ்சம் தண்ணீர் வரும், சுடும், ஆறவிட்டுக் கழற்றவும்) உள்ளே தண்டு தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிப் பாருங்க. கோடை முழுக்க ஓடாமல் கிடந்தால் இறுகிப் போகும்.

மாடிப்படி:
பம்ப் தண்டு லேசாகச் சுற்றுகிறது. ஆனால் வரும் குழாய் வெதுவெதுப்புதான். ரேடியேட்டர்கள் மேலே சூடு, கீழே நடுப்பகுதி ஜில்லென்று இருக்கிறது. காற்று வெளியேற்றும்போது கருப்புத் தண்ணீர் வந்தது. மேலே சிறு தொட்டி இருக்கிறது. இன்னொன்று, சில நேரம் பர்னர் அணைந்த பிறகுதான் கட்-அவுட் விழுகிறது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஸ்பானர்:
கடைசி வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்! தீ அணைந்தாலும் அவ்வளவு வார்ப்பிரும்பிலும் சூடு இருக்கும், அடுப்பிலிருந்து இறக்கிய கல்சட்டியில் குழம்பு கொதிப்பதைப் போல. அதனால் பர்னர் நின்றபின்னும் பம்ப் சில நிமிடம் ஓடி அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டும். பர்னர் அணைந்ததும் பம்பின் மேல் கை வைத்துப் பாருங்கள். அதே நொடியில் நின்றால் பம்புக்கு வரும் வயரிங் தவறு. தெர்மோஸ்டாட் மாற்றியபோது மாறிப் போயிருக்கலாம்.

கருப்புத் தண்ணீர் வேறு விஷயம். ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து வரும் மேக்னடைட் அது, காந்தத்தில் ஒட்டும். கனமானது, அதனால்தான் அடியில் தங்கி அங்கே ஜில்லென்று இருக்கிறது. பாய்லருக்குள்ளும் படிந்திருக்கும், அந்தக் கடகட சத்தம் அதன் கீழே மாட்டிய தண்ணீர் ஆவியாவதுதான். கிளீனர் ரசாயனம் ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு, முழுக்க வடித்து அலசி, துருத் தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும். பாய்லருக்கு வரும் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று போட்டால் நல்லது. பலமான அழுத்தத்தில் அலசினால் பழைய இணைப்புகள் கசியலாம், அலச வருபவரிடம் சொல்லி வையுங்கள்.

நட்டுபோல்ட்:
அந்த மேல் தொட்டியில் விரல் வைத்துப் பார்த்தீர்களா? வெதுவெதுப்பாக இருந்தால் பம்ப் தண்ணீரை வென்ட் பைப் வழியே தொட்டிக்குத் தள்ளி மறுபடி இழுக்கிறது. அதோடு காற்றும் சேர்ந்து வரும், துரு நிற்கவே நிற்காது. அதைச் சரிசெய்யாமல் அலசினால் காசுதான் வீண், மறுபடி கருப்பாகிவிடும்.

மாடிப்படி:
தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது! பம்பும் பர்னரோடு சேர்ந்தே நின்றுவிடுகிறது. வயரிங்கா, குழாயா, எதை முதலில் பார்ப்பது?

ஸ்பானர்:
வயரிங். சின்ன வேலை, கட்-அவுட் விழுவதும் குறையும். அப்புறம் வென்ட் பைப், அதற்குப் பின்தான் அலசல். கேஸ் பக்கம் நீங்கள் கை வைக்காதீர்கள், உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். வரும்போது புகைபோக்கியையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் அதை இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள்.